முதல் நாள் உங்கள் தூண்டில் ராடை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்

கேள்வி இதுதான்: பென்சில்வேனியாவில் ஹாரிஸ்பர்க் பக்கம் குடியிருக்கும் ஒருவர் மூன்று வருடமாக ஃப்ளை ஃபிஷிங் (பூச்சி மாதிரி கட்டிய ஃப்ளை என்ற செயற்கை இரையால் மீன் பிடிப்பது) செய்கிறார். மனைவி இதுவரை தூண்டிலைக் கையால் தொட்டதில்லை. இந்த வசந்தத்தில் "ஒருநாள் வந்துதான் பார்க்கிறேனே" என்று சொல்லியிருக்கிறாராம். பண்ணை மீனைக் கொண்டுவந்து விடும், அதாவது ஸ்டாக் செய்யும், ஓடை ஒன்றுக்குப் போகலாம் என்பது அவர் யோசனை. எந்த ஓடைக்குக் கூட்டிப்போவது, என்னென்ன வாங்குவது, எப்படிச் சொல்லித் தருவது என்று கேட்டிருக்கிறார்.

நான் அந்த மனைவியின் இடத்தில் நின்றவள். இன்றைக்கு எங்கள் வீட்டிலிருக்கும் நான்கு ராடுகளில் மூன்று என்னுடையவை. ஆனால் என் முதல் நாள் படு மோசமாகப் போனது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

என்னை முதலில் என் வீட்டுக்காரர் கூட்டிப்போனது கார்லைல் ஊரிலுள்ள லெட்டார்ட் ஓடைக்கு. ஃப்ளை ஃபிஷிங் பைத்தியங்களுக்கு அது கோயில் மாதிரி. ஃப்ளை ஃபிஷிங் பற்றிப் புத்தகம் எழுதிய வின்சென்ட் மரினாரோவும் சார்லி ஃபாக்ஸும் போன நூற்றாண்டில் அதன் கரையில் உட்கார்ந்துதான் பூச்சிகளையும் மீன்களையும் வருடக்கணக்காகக் கவனித்தார்கள். அங்கே இருப்பவை காட்டு பிரவுன் ட்ரவுட். கரையில் கொஞ்சம் அழுத்தி நடந்தாலே பாசிக்குள் போய் மறைந்துவிடும். தனக்கு உயிரான இடத்தை எனக்குக் காட்ட வேண்டும் என்று அவருக்கு ஆசை. எனக்குக் கிடைத்ததோ அவருடைய பழைய வேடர்ஸும் (தண்ணீரில் இறங்கி நிற்கப் போடும் நீர்புகாத உடை) இரண்டு சைஸ் பெரிய பூட்ஸும். "பத்து நிமிஷம் வீசிப் பழகிட்டு இரு, அந்தத் திருப்பம் வரைக்கும் போயிட்டு வந்துடறேன்" என்று போனவர் ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தார். அதற்குள் என் லைன் பின்னாலிருந்த மரத்தில் மூன்று முறை சிக்கியிருந்தது. மூன்றாம் முறை ஃப்ளை கிளையிலேயே தங்கிவிட்டது. புதிதாக ஒன்றைக் கட்டவும் தெரியாது. ஒரு கல்லில் உட்கார்ந்து ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று நான் மீனின் வாலைக்கூடக் காணவில்லை.

அப்புறம் இரண்டு வருடம் நான் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மறுபடி போனது, ஆபீஸில் கூட வேலை பார்த்த, அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா கூப்பிட்டதால். யெல்லோ பிரீச்சஸ் ஓடையில், அந்த வாரம்தான் மீன் விட்டிருந்த ஓர் இடத்துக்குக் கூட்டிப்போனார். அவர் கையில் ராடே இல்லை. ஒரு வலை, ஒரு ஃபிளாஸ்க், அவ்வளவுதான். இருபதாவது நிமிஷம் எனக்கு மீன் கிடைத்தது. ஆளும் அதே ஆள், மாதமும் அதே ஏப்ரல். மாறியது ஓடையும், பக்கத்தில் நின்றவரின் கையும்தான்.

ஓடையை முதலில் பார்ப்போம். ஸ்டாக் செய்த ஓடையைத்தான் நீங்கள் யோசித்திருக்கிறீர்கள், சரியான யோசனை. மூன்று வருடம் பழகியவர்களுக்கு இந்த மீன்கள்மேல் ஓர் இளக்காரம் வந்துவிடும், "தொட்டி மீன்" என்பார்கள். உங்களுக்கும் இருந்தால் அதைக் கொஞ்ச நாள் மூட்டை கட்டி வையுங்கள். பென்சில்வேனியா ஃபிஷ் அண்ட் போட் கமிஷன் வருடத்துக்குச் சுமார் 32 லட்சம் வளர்ந்த ட்ரவுட்டை ஓடைகளிலும் ஏரிகளிலும் விடுகிறது. சராசரி 11 அங்குலம். பண்ணையில் மேலிருந்து விழும் தீனியைத் தின்றே வளர்ந்தவை. ஓடைக்கு வந்த முதல் சில நாட்களில் எது உணவு, எது இலைத்தூள் என்றே அவற்றுக்குத் தெரியாது. எதிரே மிதந்து வருவதையெல்லாம் வாயில் போட்டுப் பார்த்துத் துப்பும். புதிதாகக் கற்பவருக்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது. தப்பு செய்தாலும் மறுபடி வாய்ப்புக் கொடுக்கும்.

காட்டு மீன், வந்தேறி மீன் என்ற பெருமைப் பேச்சிலும் பெரிய சாரமில்லை. ரெயின்போ ட்ரவுட் பசிபிக் கரைப் பக்கத்து மீன். பிரவுன் ட்ரவுட்டின் முட்டைகள் 1883இல் ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்கு வந்தன. இந்த ஊருக்கே சொந்தமானது புரூக் ட்ரவுட் ஒன்றுதான். மாநில மீனும் அதுவே. நம் நீலகிரிக்கு ட்ரவுட்டைக் கொண்டுவந்து அவலாஞ்சியில் குஞ்சு பொரிக்க வைத்தார்களே, அதே கதைதான் இங்கேயும்.

நாளைத் தேர்ந்தெடுப்பது ஓடையைத் தேர்ந்தெடுப்பதைவிட முக்கியம். ஏப்ரல் முதல் சனிக்கிழமை காலை 8 மணிக்கு சீசன் திறக்கும். அன்றைக்கு மட்டும் கூட்டிப்போய்விடாதீர்கள். தைப்பூசக் கூட்டம் மாதிரி தோளோடு தோள் உரசி நிற்பார்கள். ஒருவர் லைன் இன்னொருவர் லைனில் சிக்கும். புதியவரால் நமக்கு இடைஞ்சல் என்று நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தப் பார்வை ஒன்று போதும், உங்கள் மனைவி மறுபடி வரமாட்டார். திறப்பு நாளுக்குப் பிறகும் கமிஷன் மீன் விட்டுக்கொண்டே இருக்கும். எந்த ஓடையில் எந்தத் தேதியில் விடுகிறார்கள் என்ற அட்டவணை அவர்கள் இணையதளத்திலும் ஆப்பிலும் இருக்கிறது. ஏப்ரல் பாதிக்கு மேல், உங்கள் பக்கத்து ஓடையில் மீன் விட்ட இரண்டு மூன்று நாளுக்குள், ஒரு செவ்வாயோ புதனோ லீவு போடுங்கள். காலை பத்து மணிக்குப் போனால் போதும். விடியற்காலை நாலு மணிக்கு எழுப்பி இருட்டில் காரில் ஏற்றுவது உங்கள் ஆர்வம், அவருடையது இல்லை.

இடம் என்று பார்த்தால் உங்களுக்குப் பக்கம் யெல்லோ பிரீச்சஸ்தான். பாய்லிங் ஸ்பிரிங்ஸ் ஊரில் ஊற்றுநீர் பொங்கி ஒரு குட்டி ஏரியாகி, அங்கிருந்து ஒரு சிறு கால்வாயாக ஓடையில் சேரும். வாத்துகள், நடைபாதை, காபி குடிக்க இடம், எல்லாம் கூப்பிடு தூரம். அழகில் மயங்கி அந்தக் கால்வாயிலேயே தூண்டில் போட நிறுத்திவிடாதீர்கள். அதுவும் அதற்குக் கீழே ஒரு மைல் வரையும் பிடித்ததை விட்டுவிட வேண்டிய பகுதி. அங்கே இருக்கும் மீன் ஒவ்வொன்றும் பல முறை மாட்டித் தப்பியது. தினமும் பத்து ஃப்ளையைப் பார்த்து அலுத்தது. ஸ்டாக் செய்த மீன்தான், ஆனால் டிகிரி வாங்கிய மீன். முதல் நாளுக்குச் சாதாரணமாக ஸ்டாக் செய்யும் பகுதிக்குப் போங்கள். அங்கே பக்கத்து ஆள் மண்புழு போட்டுக்கொண்டிருப்பார். இருக்கட்டுமே.

ரெடிங் பக்கம் போக முடிந்தால், புளூ மார்ஷ் அணைக்குக் கீழே டல்ப்ஹாக்கன் ஓடை அகலமானது, பின்னால் வீச இடம் தாராளம். டாஃபின் கவுண்டியின் கிளார்க்ஸ் கிரீக் நிழலும் குளிர்ச்சியுமாக ரொம்ப அழகு, ஆனால் தலைக்கு மேல் ஹெம்லாக் மரக்கிளைகள். அதை இரண்டாம் வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மீன் பிடிக்கப் போவதற்கு முந்தின வாரம் ஹன்ட்ஸ்டேல் மீன் பண்ணைக்கு ஒரு நடை போய்வாருங்கள், கார்லைல் பக்கம்தான். நீளநீளமான தொட்டிகளில் ட்ரவுட் எப்படி ஓட்டத்தை எதிர்த்து மூக்கை நீட்டி நிற்கிறது என்று அங்கே கண்ணால் பார்க்கலாம். ஓடையில் மீன் எங்கே நிற்கும் என்று நீங்கள் அரை மணி நேரம் விளக்குவதைவிட அந்தக் காட்சி சீக்கிரம் மண்டையில் ஏறும். எனக்கு ஏறியது.

லைசென்ஸ்: 16 வயது நிரம்பியவர் என்றால் மீன்பிடி லைசென்ஸும், அதோடு தனியாக ட்ரவுட் பெர்மிட்டும் வேண்டும். ஒரே ஒரு நாள் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றால், மே கடைசியில் வரும் மெமோரியல் டே வாரக்கடைசி ஞாயிறும் ஜூலை 4ம் லைசென்ஸ் இல்லாமலே பிடிக்கலாம். மற்ற விதிகள் அன்றும் உண்டு. ஆனால் ஜூலையில் தண்ணீர் சூடாகிவிடும். தண்ணீர் 68 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் ட்ரவுட்டைத் தொந்தரவு செய்யாமல் விடுவதுதான் முறை. போராடிக் களைத்த மீனுக்குச் சூடான தண்ணீரில் போதிய ஆக்சிஜன் கிடைக்காது, விட்டாலும் செத்துவிடும். மே ஞாயிறு பரவாயில்லை.

இனி பொருட்கள். ராடுக்குப் பணத்தைக் கொட்ட வேண்டாம். ஒன்பதடி, 5 வெயிட் (லைனின் கனத்தைச் சொல்லும் எண்), ராடும் ரீலும் லைனும் சேர்ந்து வரும் செட் போதும். உங்கள் விலையுயர்ந்த ராடைக் கொடுக்காதீர்கள். "பார்த்து, பார்த்து" என்று நீங்கள் சொல்லாமல் இருக்க மாட்டீர்கள். பணம் போக வேண்டியது வேடர்ஸுக்கும் பூட்ஸுக்கும். பெண்களுக்கென்று தைத்த வேடர்ஸையும், கால் அளவுக்குச் சரியான பூட்ஸையும் வாங்குங்கள், அல்லது வாடகைக்கு எடுங்கள். ஏப்ரல் தண்ணீர் ஐம்பது டிகிரிக்குப் பக்கம் இருக்கும். பெரிய பூட்ஸில் உள்ளே இரண்டு சாக்ஸ் திணித்தால் ரத்த ஓட்டம் நின்று கால் மரத்துப்போகும், வழுக்கவும் செய்யும். இடுப்பு பெல்ட்டைக் கட்டாமல் தண்ணீரில் இறங்க விடாதீர்கள். விழுந்தால் வேடர்ஸுக்குள் தண்ணீர் புகாமல் தடுப்பது அதுதான். போலரைஸ்டு கண்ணாடி மீனைப் பார்க்க மட்டும் இல்லை, கண்ணில் கொக்கி படாமல் இருக்கவும். ஒன்றைச் சொல்லக் கூச்சப்பட வேண்டாம்: வேடர்ஸ் போட்ட பெண்ணுக்குக் கழிப்பறை பெரிய விஷயம். பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே பார்த்துவைத்து, நீங்களாகவே சொல்லிவிடுங்கள். எங்கள் வீட்டில் இதைப் புரியவைக்க எனக்கு மூன்று வருடம் ஆனது.

வீசக் கற்றுக்கொடுப்பது. இதை நீங்கள் செய்யாமல் இருப்பது நல்லது. கார் ஓட்டக் கணவரிடம் கற்றுக்கொண்ட யாரையாவது கேட்டுப் பாருங்கள், ஏன் என்று சொல்வார்கள். பக்கத்து ஃப்ளை கடையிலோ, மீன்பிடிப்பவர்கள் சங்கத்திலோ இரண்டு மணி நேர வகுப்பு இருக்கும், அதில் சேர்த்துவிடுங்கள். நீங்கள் கூடப் போகாதீர்கள். வழியே இல்லை, நானேதான் சொல்லித்தர வேண்டும் என்றால், புல்வெளியில், கொக்கி இல்லாமல், நுனியில் சிவப்பு நூல் கட்டி, ஒரு தடவைக்குப் பதினைந்து நிமிஷம், ஒரு வாரம்.

என்னை யெல்லோ பிரீச்சஸுக்குக் கூட்டிப்போன அந்தத் தோழி "பத்து மணி, ஒரு மணி" என்று கடிகாரக் கணக்கு சொன்னபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. தானாகப் புரிந்தது வேறு ஒரு நினைவில். வாசல் தெளிப்போமே, கையில் தண்ணீரை அள்ளி வீசும்போது கை சட்டென்று நின்றுவிடும், தண்ணீர் மட்டும் பறந்து விரியும். கை நிற்காமல் போய்க்கொண்டே இருந்தால் தண்ணீர் காலடியில்தான் கொட்டும். ஃப்ளை வீசுவதும் அதேதான். பாரம் இருப்பது லைனில். கை நின்ற இடத்திலிருந்து லைன் தானாகப் போகும். பின்னால் வீசியதும் லைன் முழுக்க நீளும்வரை ஒரு மூச்சு பொறுக்க வேண்டும். பலத்தால் ஆகிற காரியம் இல்லை. ஆண்கள் இதில் முதலில் திணறுவதற்குக் காரணமே பலம்தான் என்று நினைக்கிறேன். கூடவே ரோல் காஸ்டையும் பழக்கிவிடுங்கள். லைனைப் பின்னால் பறக்கவிடாமல் தண்ணீர்மேலேயே உருட்டி விடுவது. முதல் நாள் மரத்தில் சிக்காமல் காப்பாற்றப்போவது அதுதான்.

ஓடையில் முதல் மணி நேரம். உலர்ந்த ஃப்ளை மிதந்து, மீன் மேலே வந்து கவ்வும் கனவையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். 4எக்ஸ் லீடரில் (லைன் நுனியில் கட்டும் மெல்லிய நரம்பு; 4எக்ஸ் அதன் தடிமன்) ஒரு கிரீன் வீனி, பச்சைப் புழு மாதிரி இருக்குமே அது, அல்லது முட்டை மாதிரியான ஃப்ளை. மேலே ஒரு சின்ன ஈயக்குண்டு. அதற்கும் மேலே, ஆழத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்தில் ஒரு தக்கை. இண்டிகேட்டர் என்று பெயரை மாற்றி அதிக விலைக்கு விற்கிறார்கள், தக்கைதான். நம்மில் பாதிப் பேருக்குச் சின்ன வயதில் குளத்தங்கரையில் பார்த்த ஞாபகம் இருக்கும். உங்கள் மனைவிக்கும் இருக்கலாம். கொக்கியின் உள்பக்கம் நீட்டியிருக்கும் எதிர்முள்ளை இடுக்கியால் அழுத்தி மடக்கிவிடுங்கள். மீனுக்கும் நல்லது, உங்கள் காதுமடலுக்கும் நல்லது.

முழங்கால் ஆழத்துக்கு மேல் போக வேண்டாம். ராடைப் போல இரண்டு மடங்கு லைன் வெளியே இருந்தால் போதும். எதிர்க்கரையில்தான் மீன் இருக்கிறது என்று எல்லோருக்கும் தோன்றும். விட்ட மீன் பெரும்பாலும் காலடிப் பள்ளத்தில்தான் நிற்கும். ஒரே ஒரு விஷயம் சொல்லுங்கள்: பக்கத்தில் மிதக்கும் நுரையைப் பார், தக்கை அதன் வேகத்திலேயே போகணும். நுரையை முந்தினால் லைன் இழுக்கிறது என்று அர்த்தம். லைனை லேசாகத் தூக்கி ஓட்டத்துக்கு மேல்பக்கம் போடட்டும். தக்கை நின்றாலோ, தயங்கினாலோ, அமுங்கினாலோ மேலே சுண்ட வேண்டும். பத்தில் எட்டு முறை கல்லாகவோ இலையாகவோதான் இருக்கும். சுண்டியது தப்பில்லை என்று சொல்லிவையுங்கள்.

எனக்கு முதல் மீன் வந்தபோது தக்கை அமுங்கவே இல்லை. பக்கவாட்டில் ஓர் அங்குலம் நகர்ந்தது, அவ்வளவுதான். சுண்டினேன். ராட் நுனி இரண்டு முறை தலையாட்டியது; கை மணிக்கட்டு வரைக்கும் அந்த உதறல் வந்தது. உயிருள்ள ஒன்று மறுமுனையில் இழுக்கிறது என்று புரிய ஒரு வினாடி ஆனது. தோழி பேசவே இல்லை. மீன் ஓடினால் விடு, நின்றால் சுற்று என்று முன்பே சொல்லியிருந்தார், அவ்வளவே. வலையைத் தண்ணீருக்குள் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். உள்ளே வந்ததும், "கையை நனைச்சுக்கோ" என்றார். காய்ந்த கை பட்டால் மீனின் மேல் படிந்திருக்கும் வழவழப்பு உரிந்துபோய் நோய் தொற்றும் என்பதை அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். பக்கவாட்டில் இளஞ்சிவப்புப் பட்டை, வால் துடுப்பு பண்ணைத் தொட்டியில் உரசி மழுங்கியிருந்தது. எனக்கு அது உலகத்திலேயே அழகான மீன்.

நீங்கள் அன்று ஏன் ராட் கொண்டுபோகக் கூடாது என்று இப்போது புரிந்திருக்கும். கையில் ராட் இருந்தால் "ஒரே ஒரு வீச்சு" என்று தோன்றும், அப்புறம் திருப்பம் வரை போகத் தோன்றும். அன்றைக்கு உங்கள் வேலை சிக்கெடுப்பது, ஃப்ளை கட்டுவது, வலை பிடிப்பது, ஃபிளாஸ்க்கைத் திறப்பது. ஒரு நேரத்தில் ஒரு திருத்தம் மட்டும், அதுவும் கேட்டால். அவர் கையிலிருந்து ராடை வாங்கி "இப்படி" என்று வீசிக் காட்டி, அதில் மீனும் மாட்டி, அதை இழுத்துக்கொள்ளச் சொல்லி அவர் கையிலேயே ராடைத் திருப்பிக் கொடுத்த கணவர் ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண் ராடைக் கரையில் வைத்துவிட்டுக் காருக்குப் போய்விட்டார்.

பிடித்த மீனை என்ன செய்வது என்ற கேள்வி நம் வீடுகளில் கட்டாயம் வரும். "இவ்வளவு கஷ்டப்பட்டுப் பிடித்து விட்டுடறதா?" என்று உங்கள் மாமியாரே ஃபோனில் கேட்பார். சாதாரண ஸ்டாக் பகுதியில், சீசனில், ஏழு அங்குலத்துக்கு மேலிருந்தால் ஒரு நாளைக்கு ஐந்து வரை எடுத்துக்கொள்ளலாம். அதற்காகத்தான் விடுகிறார்கள், பெரும்பாலான மீன்கள் கோடையைத் தாண்டாது. எனவே அவர் விரும்பினால் இரண்டு மீனைக் கொண்டுவாருங்கள், குற்ற உணர்ச்சி வேண்டாம். விட நினைத்தால் விடட்டும், முடிவு அவருடையது. அங்கேயே குடலையும் செவுளையும் எடுத்து ஐஸில் வைத்துவிடுங்கள். செதில் மிகச் சிறியது, உரசத் தேவையில்லை. குழம்புக்கு லாயக்கில்லை, சதை கரைந்துவிடும். மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், கொஞ்சம் சோம்பு, எலுமிச்சை தடவி, முழு மீனாக இரும்புக் கல்லில் வறுத்தால் தோல் மொறுமொறுவென்று வரும். மாநிலத்தில் எங்கே பிடித்த மீனானாலும் வாரத்துக்கு ஒரு வேளை மட்டும் என்பது இங்குள்ள பொது அறிவுரை, அதை மதியுங்கள். உங்கள் மனைவி சைவம் என்றால் இந்தப் பத்தியே வேண்டாம். ஆனால் பிடித்து விடுவதுகூட மனசுக்கு ஒப்பவில்லை என்று சொன்னால், வற்புறுத்தாதீர்கள். ஓடைக்கரை நடையும் பூச்சிகளுமே போதும் என்று வருபவர்களும் உண்டு.

மூன்று மணி நேரத்தில் கிளம்பிவிடுங்கள். மீன் நன்றாகக் கடித்துக்கொண்டிருந்தாலும் கிளம்புங்கள். எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கொண்டுபோங்கள். குளிர்ந்த கையோடு சாண்ட்விச் தின்பது தண்டனை.

அதற்கப்புறமும் அவர் வருகிறார், கோடையில் தன் ஃப்ளையைத் தானே கட்டிக்கொள்கிறார் என்றால், ஆகஸ்ட் பாதிக்கு மேல் ஒரு மாலை யெல்லோ பிரீச்சஸுக்கே மறுபடி போங்கள், இந்த முறை ஆலன்பெரி பக்கம், அந்தப் பிடித்து விடும் பகுதிக்கு. இருட்டும் நேரத்தில் மேஃப்ளை என்ற வெள்ளைப் பூச்சிகள் தண்ணீரிலிருந்து கிளம்பும். முதலில் ஒன்றிரண்டு, பிறகு பனி கொட்டுகிற மாதிரி. அந்தக் கூட்டத்துக்குள்ளேயே கூடி, முட்டையிட்டு, அந்த இரவே விழுந்து சாகும். அதுவரை கண்ணிலேயே படாத டிகிரி வாங்கிய மீன்களெல்லாம் மேலே வந்து வாயைத் திறக்கும். அன்றைக்கு உங்கள் ராடையும் எடுத்துக்கொள்ளலாம். ஹெட்லாம்ப்பை மட்டும் எரியவிடாதீர்கள், அத்தனை பூச்சியும் உங்கள் முகத்துக்குத்தான் வரும்.